டீசல் வண்டியா, பேட்டரி வண்டியா? முதலில் ஹவர் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு நெலமங்கலா பக்கம் எங்களுக்கு 20,000 சதுர அடியில் ஒரு குடோன் இருக்கிறது. அப்பா தர்மபுரியிலிருந்து வந்து, யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் பருப்பு மண்டியில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஆரம்பித்த தொழில். இப்போது நானும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். பருப்பு, மசாலா மூட்டைகளும் பிஸ்கட் பெட்டிகளும் குடோனுக்குள்ளே. டைல்ஸ் பேலட்டுகள் பின்பக்க ஷெட்டில். கையில் இருப்பது பழைய 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுதான். புகை அதிகம். மசாலா கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர், மூட்டையில் டீசல் வாடை அடிக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். புது வண்டிக்கு விலை கேட்டோம். பேட்டரி வண்டி, டீசல் வண்டியைவிட 6 லட்சம் ரூபாய் கூட வருகிறது. "டீசல்தான் உழைக்கும், பேட்டரி ரெண்டு வருஷத்துல படுத்துடும்" என்கிறார் சித்தப்பா. எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சித்தப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு வருஷம்கூடத் தாங்காமல் படுத்த பேட்டரிகளை நானே கழற்றிப் போட்டிருக்கிறேன். பீன்யாவில் இருபது வருஷத்துக்கு மேலாக ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் என்னால் மறக்க முடியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

தும்கூர் ரோட்டில் ஒரு குடோன். இரண்டு புது பேட்டரி வண்டிகள் வாங்கினார்கள். பதினாலாவது மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் எடுத்த வண்டி இரண்டு மணி நேரத்தில் தள்ளாடுகிறது, லோடைத் தூக்கும் முன்பக்கத் தூண், அதாவது மாஸ்ட், லோடோடு பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது என்றார்கள். சீட்டைத் தூக்கிப் பேட்டரியைத் திறந்தேன். 48 வோல்ட் வண்டி என்றால் உள்ளே 2 வோல்ட் செல் 24 இருக்கும். ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறேழு செல்லில் தட்டுகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தட்டின் மேல்விளிம்பு விபூதி பூசினாற்போல வெளுத்திருந்தது. இரவு முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியில், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் மிதவை 1.280 கிட்டே நிற்க வேண்டும். அங்கே 1.150ஐத் தாண்டவில்லை.

"எந்தத் தண்ணி ஊத்துற தம்பி?" என்று கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். கொஞ்சமும் தயங்காமல் சுவரோரம் இருந்த போர்வெல் குழாயைக் காட்டினான். பெங்களூரு போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது உங்கள் வீட்டு பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "வாரத்துக்கு ஒரு தரம் தண்ணி ஊத்து" என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். டிஸ்டில்ட் வாட்டர் என்ற வார்த்தையை அவன் காதில் யாருமே போடவில்லை. இரண்டு பேட்டரியும் போயின. முதலாளி அன்றைக்கே பழைய டீசல் வண்டி தேட ஆரம்பித்துவிட்டார். உங்கள் சித்தப்பா பார்த்த பேட்டரிகளும் பெரும்பாலும் இப்படிப் போனவையாகத்தான் இருக்கும்.

ஆகவே எந்த வண்டி உசத்தி என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் குடோனில் வண்டி ஒரு நாளைக்கு நிஜமாக எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அதில் எத்தனை மணி நேரம் கூரைக்குள் ஓடுகிறது? இந்த இரண்டு எண்ணும் உங்கள் கடிதத்தில் இல்லை.

பழைய டீசல் வண்டியின் டாஷ்போர்டில், இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் இருக்கும். அது ஓடாவிட்டால் முதல் வேலையாக மாற்றுங்கள், பெரிய செலவில்லை. காலையில் ஒரு எண், ஷட்டர் இறக்கும்போது ஒரு எண் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். "நாள் பூரா ஓடுது சார்" என்று எல்லாரும் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் சில இடத்தில் ஒன்றரை மணி நேரம்தான் வரும், சில இடத்தில் ஆறு மணி நேரம் வரும். இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் 6 லட்சம் இருக்கிறது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வண்டி தினம் 5 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 3 டன் டீசல் வண்டி ஓரளவு வேலையில் மணிக்கு 3 லிட்டர் குடிக்கும். பழைய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் கூடவே. 15 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்று கணக்கில் எடுத்தால் 1,350 ரூபாய். அதே வேலைக்குப் பேட்டரி வண்டி மணிக்கு 5 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது லெட் ஆசிட் என்ற, தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் கால் பங்கு வரை சூடாகவும் வாயுவாகவும் வீணாகும் என்பதால் மீட்டரில் 33 யூனிட் ஓடும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். யூனிட் விலையை மட்டும் உங்கள் பெஸ்காம் (பெங்களூரு மின்விநியோக நிறுவனம்) பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். மாதம் 26 நாள் என்றால் வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல். கூடக் கொடுத்த 6 லட்சம் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுகிறது. இதில் இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார் செலவெல்லாம் சேரவில்லை. டீசல் வண்டிக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் வந்து நிற்கும்.

அதே வண்டி தினம் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால்? மிச்சம் 200 ரூபாய். அந்த 6 லட்சத்தை எடுக்கப் பத்து வருஷம் வேண்டும், அதற்குள் புது பேட்டரியும் வாங்க வேண்டியிருக்கும். வேலை குறைவாக, அதுவும் வெட்டவெளியில் மட்டும் இருக்கிற இடத்தில் டீசல் வாங்குங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பணக்கணக்கு மட்டும் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஆடிட்டர் எழுதிய வாடையைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் உங்கள் ஆபரேட்டரிடம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்து மூக்கைச் சிந்தச் சொல்லிப் பாருங்கள். குடோனில் வண்டி அதிகம் திரும்புகிற இடத்துக்கு மேலே இருக்கும் டியூப் லைட்டை ஒரு விரலால் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையிலும் விரலிலும் ஒரே கரி ஒட்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012இல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. இந்தப் புகை ரோட்டில் காற்றோடு போய்விடும். ஷட்டர் பாதி இறக்கிய குடோனில், மூட்டை அடுக்குகளுக்கு நடுவே, எட்டு மணி நேரம் அதே ஆள் அதையேதான் மூச்சிழுக்கிறார். பக்கத்தில் மூட்டை எண்ணும் பெண்களும் இழுக்கிறார்கள். மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு, அதனால் ஆடிட்டர் மூக்குக்கு எட்டியது. நுரையீரல் பிடித்து வைத்திருப்பது யார் மூக்குக்கும் எட்டாது.

உணவுச் சரக்கு இருக்கும் மூடிய குடோனுக்குள் இனி ஒரு டீசல் வண்டி வாங்காதீர்கள். மணிக்கணக்கு எப்படி வந்தாலும் இந்த ஒன்றில் நான் மாற மாட்டேன்.

கேஸ் வண்டி வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கரி குறையும், உண்மை. ஆனால் சரியாக ட்யூன் செய்யாத கேஸ் இன்ஜின் கார்பன் மோனாக்சைடு கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது டீசலைவிட ஆபத்து. விட்டுவிடுங்கள்.

உள்ளே பேட்டரிதான் என்று முடிவானால் அடுத்தது எந்தப் பேட்டரி. உங்களுக்கு வந்த கொட்டேஷனில் லெட் ஆசிடா, லித்தியமா என்று பாருங்கள். விலையே அதை வைத்துத்தான் மாறும்.

லெட் ஆசிட் பேட்டரிக்கு ஒரு நாள் என்பது மூன்று எட்டு மணி நேரம்: எட்டு மணி வேலை, எட்டு மணி சார்ஜ், எட்டு மணி ஆறுவது. சார்ஜை இருபது சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சொருகி எடுப்பது அதற்கு ஆகாது. ஒழுங்காகப் பார்த்தால் 1,200 முதல் 1,500 தடவை சார்ஜ் தாங்கும். ஒரு ஷிஃப்ட் குடோனில் அது கிட்டத்தட்ட நாலிலிருந்து ஐந்து வருஷம் வரும். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவதிலும் முறை உண்டு. சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வெளியே வழியும், பேட்டரிப் பெட்டியையே அரிக்கும். தட்டு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தட்டு மூழ்கும்வரை கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடிய வாயு, மேலே போய்க் கூரையில் தங்கும். ஆகவே சார்ஜிங் இடத்தில் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், பீடி கூடாது, பக்கத்தில் வெல்டிங் கூடாது, கண் கழுவத் தண்ணீர்க் குழாய் வேண்டும். மசாலா மூட்டைக்குப் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது.

லித்தியத்தில் இந்தப் பாடெல்லாம் இல்லை. தண்ணீர் இல்லை, ஆசிட் இல்லை. டீ நேரத்தில் சொருகலாம், சாப்பாட்டு நேரத்தில் சொருகலாம். சரியான சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நிரம்பும். சார்ஜ் எண்ணிக்கை லெட் ஆசிடைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். விலைதான் கூட.

எது என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொல்வேன். மூன்று வருஷமாக உங்களிடமே இருக்கிற, இன்னும் மூன்று வருஷம் இருப்பார் என்று நீங்கள் நம்புகிற ஒரு ஆள் இருக்கிறாரா? தினமும் அந்த 24 மூடியின் பொறுப்பை அவர் பெயரில் எழுதிக் கொடுக்க முடியுமா? அப்படி ஒருவர் இருந்தால், ஒரு ஷிஃப்ட் ஓடும் குடோனுக்கு லெட் ஆசிட் போதும், பணம் மிச்சம். ஆறு மாதத்துக்கு ஒரு ஆபரேட்டர் மாறுகிற இடம் என்றால் லித்தியம் வாங்குங்கள். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை பிஸ்கட் லோடு ராத்திரி பத்து மணி வரை இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களிலும் லித்தியம்தான் கை கொடுக்கும், லெட் ஆசிடுக்கு ஆற நேரம் கிடைக்காது. உங்கள் கடிதத்தின் போக்கைப் பார்த்தால் நான் லித்தியம் பக்கமே சாய்வேன்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னைப் பக்கத்தைவிட பெங்களூரில் சூடு குறைவு; பேட்டரிக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிடின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் வண்டியையும் நெலமங்கலாவில் ஓடும் வண்டியையும் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கரண்ட் விஷயம். லெட் ஆசிட் சார்ஜர் ஒன்று 6, 7 கிலோவாட் இழுக்கும், லித்தியத்தின் வேக சார்ஜர் அதைப்போல இரண்டு மடங்கு. உங்கள் பெஸ்காம் சாங்ஷன் லோடு (உங்களுக்கு அனுமதித்திருக்கும் மின்சுமை) எவ்வளவு, த்ரீ ஃபேஸ் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து இப்போதே பாருங்கள். வண்டி வந்து இறங்கிய பிறகு லோடு கூட்ட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களை அறிவேன். பவர் கட் நேரத்தில் ஜெனரேட்டரில் சார்ஜ் போடும் பழக்கம் வேண்டாம். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். யூனிட் 25 ரூபாயைத் தாண்டிவிடும், நான் மேலே போட்ட கணக்கே கலைந்துவிடும். ராத்திரி சார்ஜ் போட்டுப் பழகுங்கள்.

இனி சித்தப்பா பக்கம் வருகிறேன். பின்பக்க டைல்ஸ் ஷெட்டுக்குப் போகிற வழி எப்படி இருக்கிறது? சிமெண்ட் தரையா, ஜல்லியா, குழியா? பேட்டரி வண்டிகளில் பலவற்றுக்குத் தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி குறைவு. சாலிட் டயர் குழியில் இறங்கினால் அந்த அதிர்ச்சி நேராகக் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் போகும். மழைத் தூறலில் ஓட்டலாம், ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் இறக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வெள்ளம் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் தரைமட்டத்தில் நின்ற பேட்டரி வண்டியை மறுபடி எழுப்புவது பெரும்பாடு. உங்கள் யார்டில் மழைத் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சார்ஜர் வைக்கும் இடத்தை அவரையே காட்டச் சொல்லுங்கள்.

எனவே பழைய டீசல் வண்டியை விற்காதீர்கள். அது இப்போது விற்றால் பெரிய விலை போகாது. இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் சரி பார்த்து, புகையைக் குறைத்து, ஷெட்டுக்கும் யார்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடோன் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். டீசல் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. லோடைக் கோட்டில் வைத்துவிட்டுப் போகட்டும், பேட்டரி வண்டி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். யார்டுக்குக் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு அந்த வண்டிக்கு விடை கொடுக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2.5 டன், 3 டன் என்று சொல்வது பெரும்பாலும் ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் பாரத்தின் மையம் இருந்தால் தூக்கும் எடை. ஆழமான பேலட்டில் மையம் 600க்குப் போனால் தாங்கும் எடை குறையும். மாஸ்ட் உயர உயர இன்னும் குறையும். உங்கள் ரேக்கின் மேல்தட்டு உயரத்தைச் சொல்லி, அந்த உயரத்தில் எவ்வளவு தூக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டியே நாலு டன்னுக்கு மேல், லோடோடு ஏழு டன் ஆகும், அதில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் இறங்கும். குடோனில் பழைய கிணறு மூடிய இடமோ, கீழே டேங்க் இருக்கிற இடமோ இருந்தால் அதன்மேல் வண்டி போகாதபடி அடையாளம் வையுங்கள்.

பேட்டரி வண்டி சத்தம் போடாது. டீசல் வண்டியின் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கிப் பழகிய உங்கள் ஆட்களுக்கு முதல் மாதம் இது ஆபத்து. முன்னால் தரையில் விழும் நீல விளக்கும், ரிவர்ஸ் பஸ்ஸரும் இல்லாமல் வண்டியை உள்ளே விடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் பேட்டரி வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது வந்தால், புதுப் பேட்டரியின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மாஸ்டும் மோட்டாரும் நன்றாக இருக்கும், பேட்டரி முடிந்திருக்கும். விற்பதற்குக் காரணமே அதுதானாக இருக்கும்.

உடனே வாங்கவும் வேண்டாம். லித்தியம் வண்டி ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் குடோனில், உங்கள் ஆபரேட்டர் கையில், உங்கள் லோடில் ஓடட்டும். சித்தப்பாவையும் ஒரு நாள் அந்த சீட்டில் உட்கார்ந்து நாலு பேலட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஹவர் மீட்டர் நோட்டையும், பெஸ்காம் பில்லையும், குடோனின் கைவரைபடம் ஒன்றையும் மாதக் கடைசியில் எனக்கு அனுப்புங்கள். வரைபடத்தில் மசாலா அடுக்கு, ஷட்டர், தண்ணீர் தேங்கும் மூலை மூன்றையும் குறித்திருந்தால், சார்ஜரை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.